கெல்ட்டியச் சூரியனை வரைவது எப்படி: மூன்று முறை தப்பாக வரைந்தவளின் குறிப்புகள்

முதல் முறை நான் வரைந்த கெல்ட்டியச் சூரியக் கடவுளுக்கு ஏழு குதிரைகள் இருந்தன.

குழந்தைகள் விளையாடும் சீட்டுக்கட்டு ஒன்றுக்கு, உலகத்துச் சூரிய தெய்வங்களில் பன்னிரண்டு பேரை வரைந்து தரும் வேலை. எகிப்தின் ரா, ஜப்பானின் அமதெராசு, இன்காக்களின் இந்தி எல்லாரும் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டார்கள். பதினோராவது சீட்டுக்கு 'கெல்ட்டியச் சூரியக் கடவுள் லூ' என்று குறிப்பு. பெயரைத் தட்டித் தேடினால் பொன்முடியும் நீண்ட ஈட்டியும் தலையைச் சுற்றிக் கதிருமாக நூறு படங்கள் வந்து விழுந்தன. நானும் அதையே போட்டேன். கும்பகோணத்துக்காரி, சின்ன வயதில் சூரியனார் கோயிலுக்குப் போய் வந்த கை. கேட்காமலேயே தேரையும் குதிரைகளையும் பூட்டிவிட்டது.

படத்தைச் சரிபார்த்தவர் அயர்லாந்துக்காரப் பெண்மணி, பழைய ஐரிஷ் படித்தவர். பதில் மூன்றே வரி. லூ சூரியன் இல்லை. ஐரிஷில் சூரியன் பெண்பால். இந்தக் குதிரைகள் யாருடையவை?

அப்பாவிடம் புலம்பினேன். அவர் நாற்பது வருஷம் கோயில் சுவரிலும் காலண்டருக்கும் சாமி வரைந்தவர். "சூரியன்னா ரெண்டு கையிலயும் தாமரை, தேருக்கு ஒத்தைச் சக்கரம், அருணனுக்குத் தொடை கிடையாது. எல்லாம் தியான ஸ்லோகத்துல இருக்கு. அந்த ஊரு சாமிக்கு ஸ்லோகம் என்ன சொல்லுது?" என்றார். ஸ்லோகமே இல்லைப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப அதுக்கு என்ன வேலைன்னு கேளும்மா. வேலை தெரிஞ்சா கையில என்ன குடுக்கணும்னு தெரிஞ்சிடும்."

அதற்கப்புறமும் இரண்டு முறை தப்பாகத்தான் வரைந்தேன். நாலாவது தேறியது. கெல்ட்டியச் சூரியனை வரையவோ கதையில் எழுதவோ போகிறவர்களுக்காக, அந்த நாலு முறையில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

பென்சிலை எடுக்கும் முன்

ஸ்கெட்ச் தாளின் மேல் மூலையில் மூன்று விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நாடு, எந்த நூற்றாண்டு, யார் சொன்னது. 'கெல்ட்டியர்' என்ற ஒரே சொல்லுக்குள் இன்றைய பிரான்ஸில் இருந்த காலியர், பிரிட்டன்காரர், ஐரிஷ்காரர் எல்லாரும் அடங்குகிறார்கள். காலியர்களின் பூசாரிகளான ட்ரூயிடுகள் தங்கள் போதனையை எழுதி வைப்பது தகாது என்று நினைத்தார்கள். இதைச் சொல்பவர் ஜூலியஸ் சீசர். பிரிட்டனில் கிடைப்பது ரோமானியர் வந்தபிறகு செதுக்கிய கல். அயர்லாந்தில் கதைகள் ஏராளம், ஆனால் எழுதியவர்கள் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த கிறிஸ்தவத் துறவிகள். மூன்றையும் ஒரே குழம்பில் போட்டுக் கிண்டினால்தான் இணையத்தில் கிடைக்கும் அந்தப் பொன்முடிக்காரர் வருகிறார்.

சீசர் காலியர்களின் தெய்வங்களை ரோமப் பெயர்களில் வரிசைப்படுத்துகிறார்: மெர்க்குரி, அப்பல்லோ, மார்ஸ், ஜூபிடர், மினர்வா. அப்பல்லோவின் வேலை நோயை விரட்டுவது. சூரியன் என்று தனியாக ஒருவர் இல்லை. கொஞ்சம் தள்ளி ஜெர்மானியரைப் பற்றி எழுதும்போது, அவர்கள் சூரியன், நெருப்பு, நிலா என்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கும்பிடுகிறார்கள் என்கிறார். அங்கே சூரியன் என்று எழுதத் தெரிந்த மனிதர், காலியர்களிடம் பார்த்திருந்தால் எழுதாமல் விட்டிருப்பாரா? சீசர் சொன்னதெல்லாம் வேதவாக்கு இல்லை. ஆனாலும் எனக்கு இது உறைத்தது.

லூவுக்குக் கதிர் வைக்காதீர்கள், கைகளை வரையுங்கள்

லூவைச் சூரியனாக்கியதில் பெரும் பங்கு ஜான் ரீஸ் என்ற அறிஞருக்கு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் கெல்ட்டிய மொழிகளுக்கு முதல் பேராசிரியர். 1886-இல் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளில் லூ சூரிய வீரனாக நிற்கிறார். மாக்ஸ் முல்லரின் செல்வாக்கு கொடிகட்டிப் பறந்த காலம் அது. எந்த ஊர் வீரனைச் சுரண்டினாலும் உள்ளே சூரியன் இருக்கிறது என்று நம்பினார்கள். 'லூ' என்றாலே ஒளி என்று வேர்ச்சொல்லும் காட்டினார்கள். ஒலி மாற்ற விதிப்படி அது பொருந்தாது என்பது இன்றைய மொழியியலாளர்கள் பலரின் கருத்து.

அப்பா சொன்னபடி லூவின் வேலையைக் கேட்டால் கதையே பதில் சொல்கிறது. அயர்லாந்தின் தாரா என்ற ஊரில் அரசன் நுவாதாவின் மாளிகை வாசல். காவலன் மறிக்கிறான். ஒரு தொழில் தெரியாதவனுக்கு உள்ளே இடமில்லை. நான் தச்சன் என்கிறார் லூ. எங்களிடம் தச்சன் இருக்கிறான். நான் கொல்லன், இருக்கிறான். போர்வீரன், யாழ் வாசிப்பவன், கவிஞன், மந்திரவாதி, வைத்தியன், எல்லாரும் இருக்கிறார்கள். இத்தனையும் ஒருவனே தெரிந்தவன் உங்களிடம் உண்டா என்று உள்ளே போய்க் கேட்டுவா என்கிறார் லூ. கதவு திறக்கிறது. 'சவில்தானாக்', எல்லாக் கலையும் சேர்ந்தவன் என்பது அவர் பட்டம். இன்னொரு பட்டம் நீண்ட கையர். வரைய வேண்டியது கைகளை. விரல் நகத்தில் கொல்லுலைக் கரி, யாழ் நரம்பு தடவிய விரல் நுனிகளில் காய்ப்பு. ஆகஸ்ட் 1-இல் வரும் லூனசா அறுவடைத் தொடக்க விழா இவர் பெயரில் இருப்பது உண்மைதான். ஆனால் கதைப்படி அதைத் தொடங்கியது, காட்டை வெட்டித் திருத்தி வயலாக்கியே உயிரை விட்ட வளர்ப்புத்தாய் டால்ட்யுவின் நினைவாக. இழவு விழாதான் திருவிழாவாகிவிட்டது.

ஆனாலும் சூரியன் லூவை ஒரே ஒரு இடத்தில் தொடுகிறது. டூரனின் பிள்ளைகளின் கதை, எழுத்தில் பிற்காலத்தது. காலையில் எழுந்த ஒருவன், இன்றைக்குச் சூரியன் மேற்கே உதிக்கிறதே என்று திகைக்கிறான். அது சூரியன் இல்லை, லூவின் முகத்து வெளிச்சம் என்கிறார்கள் ட்ரூயிடுகள். ஓவியருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடைக்காது. லூவை ஃப்ரேமுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். விடியற்காலைப் பனிமூட்டத்தில் கொஞ்சம் பேர் நிற்கட்டும், எல்லார் நிழலும் தப்பான பக்கம் நீளட்டும். ஒருவன் கையைப் புருவத்தில் வைத்து மேற்கே பார்க்கட்டும். இதை நான் பிறகு இன்னொரு வேலைக்குப் பயன்படுத்தினேன். லூவுக்குக் கதிர் வைக்காத சோகம் அப்போதுதான் தீர்ந்தது.

பெண்பால், அதன்பின் கண்

ஐரிஷில் சூரியன் 'கிரீயன்', பெண்பால். நமக்கு ஞாயிறு என்ற சொல்லில் பாலே தெரியாது. ஆனால் சூரியன், கதிரவன், பகலவன் என்று னகர ஒற்றில் முடித்து முடித்து மனதில் மீசை வளர்ந்துவிட்டது. இலக்கணப் பாலை வைத்துத் தெய்வத்தின் பாலைத் தீர்மானிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வரையும்போது கை போகிற வழியை நிறுத்திக் கேட்க இது உதவும்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. லத்தீனில் சூரியன் 'சோல்'. வெல்ஷில் 'ஹைல்'. அதே வேரில் முளைத்த ஐரிஷ் சொல் 'சூல்'. அதற்குப் பொருள் கண். சூரியனைக் குறித்த பழைய சொல், அயர்லாந்தில் வேலை மாறிக் கண்ணாகிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் கார்மைக்கேல் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் சேகரித்த கேலிக் மொழி வழிபாட்டுப் பாடல்களில் சூரியனுக்கு ஒன்று உண்டு. பெரிய கடவுளின் கண்ணே என்று விளிக்கிறது. இன்னொரு பாடலில் சூரியன் விண்மீன்களின் தாய். காலையில் முதல் வெயில் முகத்தில் பட்டதும் கிழவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு முணுமுணுப்பார்களாம்.

கண் என்றால் பாலொரையும் விட முடியாது. லூவின் தாய்வழித் தாத்தா. விஷக் கண்ணர். அந்த இமையைத் தூக்க நாலு ஆள் வேண்டும். திறந்தால் எதிரே நிற்கும் படை காலி. லூ கவண்கல்லால் அடிக்க, கண் மண்டையின் பின்பக்கமாகத் தள்ளிப் போய் பாலொரின் சொந்தப் படையையே பார்க்கிறது. எரிக்கிற கண் என்றதும் எனக்கு நெற்றிக்கண் வரைய விரல் துடித்தது. வேண்டாம். அது நம்ம ஊர்ச் சரக்கு. அங்கே முக்கியம் இமை. அதன் கனம், தூக்குகிறவர்களின் தோள் வலி, அதைக் காட்டுங்கள்.

சக்கரம்: என் இரண்டாவது தப்பு

சூரியன் என்றால் சக்கரம், சக்கரம் என்றால் தேர் என்று நினைத்து, டென்மார்க்கின் ட்ரண்ட்ஹோல்ம் தேரைப் பார்த்து அப்படியே ஒரு சீட்டு போட்டேன். ஒற்றைக் குதிரை, பின்னால் தகடு, அழகான பொருள். 1902-இல் சதுப்பு நிலத்தில் கிடைத்தது. தகட்டின் ஒரு முகத்தில் மட்டும்தான் பொன். அனுப்பினேன். திரும்பி வந்தது. அது ஏறக்குறைய கி.மு. 1400, வடக்கு ஐரோப்பிய வெண்கலக் காலம், கெல்ட்டியருடையது இல்லை.

கெல்ட்டியச் சக்கரம் வேண்டுமென்றால் வேறு இடத்தில் பாருங்கள். பிரான்ஸின் லெ ஷாட்லேயில் கிடைத்த சிறிய வெண்கலச் சிலை: தாடிக்காரர், ஒரு கையில் இடி, மறு கையில் ஆரக்கால் சக்கரம், கூடவே நெளிநெளியாகச் சுருள்கள். பாரிஸுக்குப் பக்கத்தில் சான்-ஜெர்மன்-ஆன்-லே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று குண்டெஸ்ட்ருப் கொப்பரை. 1891-இல் கிடைத்தது, ஏறத்தாழ 9 கிலோ வெள்ளி, இப்போது கோபன்ஹேகனில். அதன் உள்தகடு ஒன்றில் தாடிக்காரர் ஒருவர் கைகளைத் தூக்கியிருக்க, கொம்புத் தலைக்கவசம் போட்ட சின்ன ஆள் பாதிச் சக்கரத்தைப் பிடித்திருப்பார். கொப்பரையைச் செய்த கை, இன்றைய பல்கேரியாப் பக்கத்துத் திரேசியக் கொல்லர்களுடையது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள் என்பதால், அதிலுள்ள ஒவ்வொன்றையும் கெல்ட்டியம் என்று சத்தியம் பண்ண வேண்டாம். காலியர் நாட்டுக் கோயில்களில் விரலளவு சக்கரங்கள் ஆயிரக்கணக்கில் காணிக்கையாகக் கிடைத்திருக்கின்றன. வெண்கலம், ஈயம், வெள்ளி, சிலது பொன். நம்ம ஊர் உண்டியலில் விழும் வெள்ளித் தகடுக் கண்மலர் மாதிரி.

சிக்கல், சக்கரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் தரானிஸ். வெல்ஷில் இன்றைக்கும் 'தரன்' என்றால் இடி. ஆகவே அந்தச் சக்கரம் வெயிலா, வானத்தில் உருளும் இடியா? இரண்டு கட்சியும் உண்டு. என் வழி: கீழே பெயர் எழுதாமல் சக்கரத்தை மட்டும் வரைவேன். எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் 'சக்கரத் தெய்வம்'. அதற்கு மேல் வாய் திறக்கமாட்டேன்.

வெந்நீர் பக்கம் போங்கள்

அப்பல்லோ என்ற ரோமப் பெயரோடு ஒட்டிக்கொண்ட கெல்ட்டியத் தெய்வங்களில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் பெலெனுஸ். வட இத்தாலியின் அக்விலேயா நகரத்துச் சாமி. கி.பி. 238-இல் மாக்சிமினுஸ் பேரரசர் ஊரை முற்றுகையிட்டபோது, எங்கள் தெய்வம் எங்களுக்காக நிற்கிறது என்று மக்கள் நம்பியதை ஹெரோடியன் எழுதியிருக்கிறார். படைவீரர்கள் கடைசியில் தங்கள் பேரரசரையே கொன்றார்கள்; ஊர் தப்பியது.

இன்னொருவர் கிரான்னுஸ். கிரீயன் என்ற ஐரிஷ் சொல்லோடு இந்தப் பெயரை முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. இல்லை, தாடி என்ற சொல்லோடுதான் உறவு என்பவர்களும் உண்டு. வேலையில் மட்டும் சந்தேகமில்லை. வைத்தியம். ஜெர்மனியின் ஆகன் நகரத்து வெந்நீர் ஊற்றுகளின் பழைய லத்தீன் பெயரில் இவர் பெயர் உட்கார்ந்திருக்கிறது. உடம்பும் மனசும் கெட்டுக் கிடந்த காரகல்லா பேரரசர் கிரான்னுஸிடமும் வேண்டினார், குணமாகவில்லை என்று காசியுஸ் டியோ குத்தலாக எழுதுகிறார். இவருடைய துணை சிரோனா. பெயருக்கு நட்சத்திரத்தோடு தொடர்பு சொல்வார்கள். ஜெர்மனியின் ஹோக்ஷைடில் கிடைத்த சிலையில் அவள் கையைச் சுற்றிய பாம்பு, மறு கைக் கிண்ணத்தில் இருக்கும் மூன்று முட்டைகளை நோக்கித் தலை நீட்டுகிறது. கிரான்னுஸைத் தனியாக வரைந்தால் கிரேக்க அப்பல்லோவின் நகல்தான் வரும். பக்கத்தில் சிரோனாவை நிறுத்துங்கள், நடுவில் ஆவி பறக்கும் தண்ணீர். ஊர் மாறிவிடும்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குப் பக்கத்து இன்வெரெஸ்க்கில் ஒரு பொறி இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். 1565-இல் அங்கே அப்பல்லோ கிரான்னுஸுக்கு ஒரு ரோம அதிகாரி வைத்த பலிபீடம் கிடைத்தது. 2010-இல் அதே இன்வெரெஸ்க்கில் இன்னொரு கல். அதில் கதிர்முடி போட்ட சூரிய முகம். கண்ணும் வாயும் கதிர்களும் துளைபோட்டிருக்கும். பின்னால் குடைந்த இடத்தில் விளக்கை வைத்தால் இருட்டில் முகம் எரியும். பார்த்தவுடன் வரையத் தோன்றும். ஆனால் அது மித்ரா வழிபாட்டுக்காரர்களின் ரோமச் சூரியன், கிரான்னுஸ் இல்லை. ஒரே ஊர், இரண்டு சாமி.

ஐரிஷ் கதைகளில் சூரியனுக்கு என்ன வேலை

சாட்சி சொல்வது. லெய்ரி என்ற அரசன் லென்ஸ்டர் நாட்டுக்காரர்களிடம் பிடிபட்டு, இனி அவர்களிடம் மாட்டு வரி கேட்கமாட்டேன் என்று சூரியன், நிலா, காற்று, நீர் எல்லாவற்றின் மேலும் ஆணையிட்டு விடுபட்டான். வார்த்தை தவறிப் போய் மறுபடி கேட்டான். சூரியனும் காற்றுமே அவனைக் கொன்றன என்கிறது கதை. கல்வெட்டில் 'சந்திராதித்தவரை' என்று எழுதிய பரம்பரைக்கு இதை விளக்கவே வேண்டாம். இதை வரைந்தால் சூரியனுக்கு முகமே தேவையில்லை. வெட்டவெளியில் தனியாக நிற்கும் ஓர் அரசன், நிழல் ஒதுங்க ஒரு மரமும் இல்லை, போதும்.

இன்னொரு வேலை திசை காட்டுவது. 'டெஷல்' என்றால் சூரியன் போகிற பக்கமாக, வலமாகச் சுற்றுவது. எதிர்ப்பக்கம் 'டூஹல்', கேடு. புனிதக் கிணறுகளை இன்றும் அங்கே வலமாகத்தான் சுற்றுகிறார்கள். போவன் என்பவள் தடைசெய்த கிணற்றை இடமாக மூன்று முறை சுற்றினாள். கிணறு பொங்கி அவளைத் துரத்திக் கடல் வரை போனது, அதுதான் பாய்ன் ஆறு. பக்கவாட்டில் நடக்கும் ஆட்களை வரையும்போது கவனியுங்கள். கிணறு அவர்களுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் படத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பிப் போடும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே மாட்டுவீர்கள், நான் மாட்டினேன்.

அதே பாய்ன் ஆற்றங்கரையில் தாக்டா என்ற தெய்வம் இருக்கிறார். போவனின் கணவனை ஒரு வேலையாக அனுப்பிவிட்டு, ஒன்பது மாதத்தை அவனுக்கு ஒரே நாளாகத் தோன்றச் செய்கிறார். தாக்டாவுக்கும் போவனுக்கும் அன்றைக்கே கருவாகி அன்றைக்கே பிறக்கிறான் ஏங்கஸ். இந்தக் கதை நடக்கும் வீடுதான் நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறை மேடு. குளிர்கால நெடிய இரவை ஒட்டிய சில நாள் காலையில், வாசலுக்கு மேலுள்ள பொந்து வழியாக வெயில் நுழைந்து 19 மீட்டர் நடையைத் தாண்டி உள்ளறையைத் தொடும், சுமார் 17 நிமிஷம். தொல்லியலாளர் ஓ'கெல்லி 1967 டிசம்பர் 21 அன்று உள்ளே உட்கார்ந்து அதைப் பார்த்தார். ஆனால் கட்டியது சுமார் கி.மு. 3200-இல். கெல்ட்டியர் கட்டியதில்லை, கெல்ட்டிய மொழிக்காரர்கள் குடிவைத்த கதை மட்டும் அங்கே வாழ்கிறது. வாசல் கல்லின் சுருள்களை எடுத்து 'கெல்ட்டியச் சூரியச் சின்னம்' என்று போடாதீர்கள்.

பெண் சூரியனைத் தேடுபவர்கள் லிமெரிக்கில் நாக்கேனி மலைக்குப் போவார்கள். ஆன்யாவின் மலை. பெயரில் ஒளி இருக்கிறது. பழைய கதைகள் அவளைச் சூரியன் என்று நேராகச் சொல்வதில்லை. அவளைப் பலவந்தம் செய்த அரசன் ஐலிலின் காதைக் கடித்து எடுத்தவள் என்றுதான் சொல்கின்றன. ஆனால் 19-ஆம் நூற்றாண்டு வரை ஜூன் 23 இரவில் ஊர்க்காரர்கள் வைக்கோல் பந்தங்களைக் கம்பில் கட்டிக் கொளுத்தி மலையைச் சுற்றிவிட்டு, வயலுக்கும் மாட்டுக்கும் நடுவே ஓடுவார்கள். ஒரு வருஷம் நேரமாகியும் விளையாடிக்கொண்டிருந்த பெண்பிள்ளைகளிடம் ஆன்யாவே வந்து, வீட்டுக்குப் போங்கள், மலை எங்களுக்கு வேண்டும் என்றாளாம். தன் மோதிரத்தின் வழியே பார்க்கச் சொன்னாள். மலை முழுக்கக் கூட்டம். மோதிர வட்டத்துக்குள் கூட்டம், வெளியே வெறும் புல். யாராவது வரையுங்கள், நான் காசு கொடுத்து வாங்குகிறேன்.

துறவிகள் காலத்திலும் சூரியன் முழுசாகப் போய்விடவில்லை. 5-ஆம் நூற்றாண்டில் புனிதர் பேட்ரிக் தன்னைப் பற்றி எழுதும்போது, இந்தச் சூரியனைக் கும்பிடுகிறவர்கள் கெட்டழிவார்கள் என்கிறார். கும்பிட ஆளே இல்லாவிட்டால் திட்டத் தேவையிருந்திருக்காது என்பது என் கணக்கு. 7-ஆம் நூற்றாண்டில் கோகிடோசுஸ் எழுதிய புனிதை பிரிஜித்தின் வரலாற்றில், மழையில் நனைந்து வந்தவள் ஈரப் போர்வையைக் கொடிக்கயிறு மாதிரி ஒரு வெயில் கீற்றில் போட்டுவிடுகிறாள், கீற்று தாங்குகிறது.

வருஷத்தின் எட்டுப் பண்டிகைகளை எட்டு ஆரமாகப் போட்ட 'கெல்ட்டிய ஆண்டுச் சக்கரம்' பற்றிக் கேட்பீர்கள். அது 1950-களில் இங்கிலாந்தில் உருவானது. குட்டிப் படமாகக்கூட வேண்டாம்.

பாத் நகரத்து முகம்: மூன்றாவது தப்பும் நாலாவது படமும்

நான் இருப்பது பிரிஸ்டலில். பாத் ரயிலில் கால் மணி நேரம். ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஸ்கெட்ச் நோட்டும் ஃபிளாஸ்கில் காபியுமாகப் போனேன். குளிர் நாளில் போங்கள், காரணம் பிறகு புரியும்.

ரோமானியர் கட்டிய வெந்நீர்க் குளத்து அருங்காட்சியகத்துக்குள்ளே, பழைய கோயில் முகப்பின் கற்கள் இருக்கின்றன. 1790-இல் தோண்டும்போது வந்தவை. நடுவில் ஒரு முகம். பதினைந்து நிமிஷம் நின்றே வரைந்தேன். நெற்றியில் ஆழமான மடிப்பு. கண் பிதுங்கி உங்களைத் தாண்டிப் பார்க்கும். தொங்கு மீசை. காது தனியாக விடைத்து நிற்கும். முடி கீழே விழாது. நாலாபக்கமும் தீ நாக்கு மாதிரி வெளியே ஓடும், நடுநடுவே இறக்கையும், தாடைக்குக் கீழே பாம்பும். முகத்தைச் சுற்றி இரண்டு சுற்று ஓக் இலை மாலை. இருபுறமும் உருண்டை மேல் நிற்கும் வெற்றித் தேவதைகள் அதைத் தாங்குகிறார்கள். உச்சியில் ஒரு நட்சத்திரம். கீழே மூலையில், தேடினால் தெரியும், ஒரு சின்ன ஆந்தை.

கோயில் சூலிஸ் மினர்வாவுடையது. ஊரின் பழைய பெயரே சூலிஸின் தண்ணீர். சூலிஸ் என்ற பெயரைச் சூரியன், கண் இரண்டோடும் சேர்த்துப் பேசுவார்கள். முகம் கிடைத்தது, முடியே கதிராகவும் இருக்கிறது, இனி என்ன என்று வீட்டுக்கு ஓடி வந்து மீசையோடு வரைந்து 'சூரிய தேவி சூலிஸ்' என்று கீழே எழுதி அனுப்பினேன். அவ்வளவு அவசரம். பெண் தெய்வத்துக்கு மீசை. மினர்வாவின் கேடயத்தில் இருக்க வேண்டிய கோர்கன் என்ற பாம்புமுடி அரக்கியின் தலை, ஆணாக மாறி நிற்கிறது என்பார்கள். கடல் தெய்வம் என்றும் சூரியன் என்றும் சொல்பவர்களும் உண்டு. யாரும் அதைச் சூலிஸின் முகம் என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "மீசை நல்லா வந்திருக்கு" என்று மட்டும் பதில்.

அவளுடைய முகம் பக்கத்துக் கூடத்தில் இருக்கிறது. 1727-இல் சாக்கடைக்குத் தோண்டிய ஆட்கள் எடுத்த வெண்கலத் தலை, ஆறு முறை பொன் பூசப்பட்டது. பார்த்தால் சுத்தமான ரோம மினர்வா. சூலிஸ் என்று சொல்ல ஒரு கோடு இல்லை. அப்போதுதான் அப்பா கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. இவளுக்கு என்ன வேலை?

46 டிகிரி வெந்நீரை நாளொன்றுக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல் தரையிலிருந்து தள்ளுவது ஒரு வேலை. திருடனைப் பிடிப்பது இன்னொன்று. ஊற்றிலிருந்து சுமார் 130 சாபத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. ஈயத் தகட்டில் கீறிச் சுருட்டிப் போட்டவை. டோகிமெடிஸ் என்ற ஆள் இரண்டு கையுறையைத் தொலைத்துவிட்டு, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று வேண்டுகிறான். கண்ணைக் கேட்கிறான் பாருங்கள். மூன்றாவது வேலை நெருப்பு. அணையாத தீ எரியும் கோயில், அதில் மிஞ்சுவது சாம்பல் இல்லை, கல் உருண்டைகள் என்று 3-ஆம் நூற்றாண்டில் சொலினுஸ் எழுதினார். பக்கத்துச் சாமர்செட் நிலக்கரியாக இருக்கும் என்பது இன்றைய விளக்கம்.

நாலாவது படத்தில் முகம் கிடையாது. பச்சைத் தண்ணீர், ஜனவரிக் குளிரில் அதிலிருந்து எழும்பும் ஆவி. ஃப்ரேமின் பாதி ஆவிதான். முன்னால் ஓர் ஆள் முதுகைக் காட்டிக் குனிந்து தகட்டைத் தண்ணீருக்குள் விடுகிறான், கை வெறுங்கை, இன்னொரு கையை அக்குளில் சொருகியிருக்கிறான். ஓரத்தில் கருப்புக் கல் உருண்டைகள் கனலோடு. ஆவிக்குள் உற்றுப் பார்த்தால் ஒரு கண் இமை திறக்கிற மாதிரி இரண்டு வளைவு, அவ்வளவே.

வண்ணத்துக்கு ஒரு குறிப்பு. மஞ்சள், பொன் இரண்டையும் தட்டில் வைக்காதீர்கள்; வைத்தால் கை கதிர்முடிக்குப் போய்விடும். பாத்தில் ஊற்றின் உபரி நீர் வெளியேறும் ரோமக் கால்வாயைக் காட்டுவார்கள். தண்ணீரிலுள்ள இரும்பு படிந்து படிந்து கல் முழுக்கச் செங்காவியாகியிருக்கும், நடுவில் கொஞ்சம் ஆரஞ்சு. அந்த நிறத்தை நோட்டின் ஓரத்தில் அங்கேயே தடவி எடுத்துக்கொண்டேன். தகட்டை விடும் ஆளின் காதுமடலிலும் கல் உருண்டைகளின் அடியிலும் மட்டும் அதை வைத்திருக்கிறேன்.